எண்ணெய் வராத நாளில் படித்த பாடம்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில், கிளிநொச்சியிலிருந்து வந்தவர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் கிளிநொச்சியிலிருந்து வந்திருக்கிறோம். ஆனால் உங்களுக்கு அந்நியர் இல்லைங்க. எங்கள் அம்மாமார் கொழுந்து எடுத்தவர்கள். நாங்கள் லயத்துக் காம்பராவில் பிறந்தவர்கள். 1977-ம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மூட்டை முடிச்சோடு வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் சேர்த்தி. காடு வெட்டி, கிணறு தோண்டி, பயிர் வைத்துப் பிழைத்தோம்.

பெற்றோல், டீசலை நம்பாமல் வாகனம் ஓட்ட முடியுமா, மாற்று எரிபொருள் நமக்கு ஒத்துவருமா என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நாங்கள் ஓட்டிப் பார்த்தவர்கள். ஓடியது உண்மை. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறோம்.

1990 ஜூனில் யுத்தம் மறுபடியும் மூண்டது. வடக்குக்குப் பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடை. ரயிலும் நின்றுபோனது. 2002-ல் சமாதான ஒப்பந்தம் வந்து ஏ-9 வீதி திறக்கும்வரை வன்னிச் சனங்கள் இப்படித்தான் காலம் தள்ளினார்கள்.

அப்போது மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயில் இஞ்சின் எடுத்த எடுப்பில் பிடிக்காது. ஆகவே சின்னப் போத்தலில் பத்திரமாக வைத்த பெற்றோலில் நாலு சொட்டை விட்டு உதைப்பார்கள். இஞ்சின் சூடானபிறகு மண்ணெண்ணெயில் ஓடும். கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் வருகிறவன் கண் எரியும், தொண்டை கரிக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். சரியாக எரியாத மண்ணெண்ணெய் இஞ்சின் ஒயிலோடு கலந்து, உள்ளே தேய்ந்துபோகும். எண்ணெய்க்கு மாற்று என்று சொன்னோம். அதுவும் எண்ணெய்தான், இன்னும் அழுக்கான எண்ணெய்.

வீட்டு வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். ரேடியோவுக்குப் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் செய்தி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும்!

உண்மையில் எங்களைக் காப்பாற்றியது அந்தச் சைக்கிள்தான். நெல் மூட்டை, விறகு, தேங்காய் எல்லாம் அதில்தான் போனது. நோயாளியும் அதில்தான் போனார். எங்கள் ஊரில் காய்ச்சல் கண்ட ஒரு பிள்ளையைத் தாயின் மடியில் வைத்து, கரியரில் தலையணை கட்டி, இரண்டு பேர் மாறி மாறி மிதித்துக் கொண்டுபோனோம். அந்தப் பிள்ளை பிழைத்தது. வழியிலேயே போன உயிர்களும் உண்டு. ஆகவே சைக்கிளைப் புகழும்போது, அம்புலன்ஸுக்கு அது ஈடாகும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இதெல்லாம் வன்னிக்கதை என்று தள்ளிவிட முடியாது. 2022-ல் நாடு முழுதும் இந்தக் கதைதானே? டொலர் இல்லை, கப்பல் வரவில்லை. வருஷத் தொடக்கத்தில் 177 ரூபாய்க்கு விற்ற பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாய். கியூ.ஆர். அட்டை வந்தபோது முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய். முல்லைத்தீவுக் கடற்றொழிலாளியின் படகும், எங்கள் தோட்டத்து இறைப்பு மெஷினும் மண்ணெண்ணெயை நம்பியவை. யாருக்கு முதல் அடி விழுந்தது பார்த்தீர்களா?

உங்களுக்கு இதில் பங்கில்லை என்று நினைக்காதீர்கள். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு நாடு சுமார் 25 கோடி டொலர் கடன்பட்டிருந்தது. மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை கொடுத்து அதைத் தீர்ப்பதென்று 2021 டிசெம்பரில் ஒப்பந்தம் எழுதினார்கள். பனியிலும் அட்டைக்கடியிலும் நீங்கள் எடுத்த கொழுந்தால் எண்ணெய்க் கடனை அடைப்பதென்று அன்று எழுதினார்கள். அப்படியானால் எந்த எண்ணெய், எவ்வளவு எண்ணெய் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி என்ன செய்யலாம்? பயிரிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்கிறார்கள். இந்தியாவில் கரும்பு, தானியங்களிலிருந்து எடுக்கும் எதனோலைப் பெற்றோலில் 20 வீதம்வரை கலக்கிறார்கள். நம் சிறிய நாட்டில் சோறு விளையும் நிலத்தை வண்டிக்குக் கொடுப்பது சரியா என்று யோசிக்க வேண்டும். மின்சார வண்டி என்கிறார்கள். அது புகை விடாது, ஓட்டச் செலவும் குறைவு. நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துத்தான் ஒரு பங்கு மின்சாரம் வருகிறது என்பது நியாயமான கேள்வி. ஆனால் இன்னொரு பங்கு உங்கள் மலைத் தண்ணீரில் வருகிறது. காசல்ரீயும் மவுஸாக்கலையும் யார் வீட்டுக் கோடிப்புறத்தில் இருக்கின்றன? வெயிலோ, வன்னியில் வேண்டிய மட்டும் உண்டு.

இடைஞ்சல் வண்டியின் விலையில்தான். நாட்கூலிக்காரன் ஒரேயடியாக அவ்வளவு காசுக்கு எங்கே போவான்? அதனால் முதலில் கேட்க வேண்டியது எல்லோருக்குமான பஸ். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் போனால் ஆளுக்குச் செலவாகும் எண்ணெய் எவ்வளவு சொற்பம்! 2013-ல் கிளிநொச்சிக்கும் 2014-ல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்தபோது, அதன் அருமை எங்களுக்குத் தெரிந்தது.

கடைசியாக மூன்று விஷயம். ஒன்று, லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுக்க நினைக்கும் தம்பிமார், கையெழுத்து வைக்கும்முன் மின்சார வண்டியின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பற்றரி மாற்றும் செலவைச் சேர்க்க மறக்காதீர்கள். இரண்டு, முன்பு பல தோட்டங்களில் ஓடைத் தண்ணீரால் ஸ்டோர் மெஷின் ஓடியது. உங்கள் தோட்டத்தில் அப்படியொன்று கிடந்தால், திரும்ப ஓட்ட முடியுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். மூன்று, டிவிஷனுக்கு பஸ் வர வேண்டுமென்று சங்கத்தில் பேசுங்கள். ஆஸ்பத்திரி வண்டிக்கு எப்போதும் எரிபொருள் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

கழுத்தை நெரிக்கும்போது தேடுகிற மாற்று, மண்ணெண்ணெய்ப் புகை மாதிரித்தான் வரும். மூச்சு விட நேரம் இருக்கும்போதே, யோசித்து, பேசி, நல்ல மாற்றைத் தேடிக்கொள்வோம். நாங்கள் பட்ட பாடு உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாங்க.