வீட்டைக் குலுக்கலில் விடலாமா?

(கொல்லிமலை பெரக்கரை நாட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடன் கழுத்தை நெரிக்கிறது; இருப்பதோ ஒரே வீடு. விற்கப் போனால் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். அடகு வைத்தாலோ வட்டியே வீட்டை விழுங்கிவிடும். இந்நிலையில் ஒருவர் கணக்குப் போடுகிறார்: 1,000 ரூபாய்ச் சீட்டு 2,000 பேரிடம் விற்றால் 20 லட்சம், கடன் தீரும், குலுக்கலில் எவரோ ஒருவருக்கு வீடு கிடைக்கும், யாருக்கு இதில் நட்டம்?

கேட்கத் தித்திக்கும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் கேரளத்தில் உண்டு. 2022-இல் திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பம் 2,000 ரூபாய்க் கூப்பன் விற்று வீட்டைக் கைமாற்ற முனைந்தது. சட்டம் இடந்தராது என்று லாட்டரித் துறை குறுக்கே வந்து நின்றது. எந்தக் கேரளம்? 1967-இல் லாட்டரிக்கென்றே துறை கண்டு, இன்றளவும் நாள்தோறும் சீட்டு விற்று வரும் கேரளம்! அரசு விற்றால் வருவாய், குடிமகன் விற்றால் குற்றமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

1870-இல் வெள்ளையர் ஆட்சி தண்டனைச் சட்டத்தில் நுழைத்த விதி, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-ஆம் பிரிவாக உடை மாற்றி உலவுகிறது. அரசு நடத்தாத, அரசின் அனுமதியும் பெறாத குலுக்கலுக்கு இடம் வைத்து நடத்தினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் வெளியிட்டாலே 5,000 ரூபாய் வரை அபராதம். அச்சிடும் ஏடும் தப்பாது. சீட்டுக்கு ‘நன்கொடைக் கூப்பன்’ என்று பெயர் சூட்டினாலும் பணம் பெற்றுக் குலுக்கிப் பரிசு தருவது லாட்டரிதான்.

தமிழகம் இவ்வழியில் நடந்து பார்த்த நாடு. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கத்தோடு 1968-இல் அண்ணாவின் அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 1975-இல் கலைஞர் அரசு அதை நிறுத்தியது. பின்னர் மீண்டும் வந்த சீட்டு, 2003 ஜனவரியில் அடியோடு தடை செய்யப்பட்டது. அரசே கைவிட்டதைத் தனியார் கையில் எடுக்க இங்கே வழி ஏது?

சட்டத்தை ஒரு கணம் மறந்துவிடுவோம். நடைமுறை என்ன? 2,000 சீட்டில் 600 மட்டுமே விற்றால்? வந்த 6 லட்சமும் கடன்காரனிடம் போயிருக்கும். பத்திரமோ வங்கியில் கிடக்கும். பணத்தைத் திருப்பவும் முடியாது, வீட்டைக் கொடுக்கவும் முடியாது. இங்கிலாந்தில் 2017-இல் லங்காஷயர் மாளிகை ஒன்று 2 பவுண்டுச் சீட்டில் கைமாறியது உண்மை. அதற்கு ஏறத்தாழ 5 லட்சம் சீட்டுகள் விற்க வேண்டியிருந்தது! 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் ஒரு வீட்டுக்கு அத்தனை பேரை எங்கிருந்து அழைப்பது?

சரி, எல்லாச் சீட்டும் விற்றது. மிளகுக் கொடி ஏறிக் காய் பறிக்கும் கூலித் தோழர் ஒருவருக்கே வீடு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கல் பரிசுக்கு வருமான வரி 30 சதவீதம். 20 லட்சத்துக்கு 6 லட்சம். பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டிய பிறகே அதை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இன்னும் 1,80,000. ஆக, 1,000 ரூபாய் கொடுத்தவர் 7,80,000 ரூபாய் தேட வேண்டும். யாரிடம்? மறுபடியும் வட்டிக்காரரிடம்! வீட்டுக்காரர் கைவிரித்தாலோ, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு. வழக்குப் போட்டு வாங்கவும் முடியாது.

மலைக்கு இன்னொரு கேடும் உண்டு. சீட்டை வாங்குபவர் சேலத்தவரா சென்னையவரா என்று குலுக்கல் பார்ப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக மலையாளி மக்கள் குடியிருந்த மனை, ஒரே நாளில் கீழ்நாட்டாரின் ஓய்வு மாளிகையாகிவிடும். அது ஒப்படைப் பட்டா நிலமாக இருந்து, கைமாற்றத் தடை நிபந்தனையும் இருந்தால், விழுந்த வீடும் நிலைக்காது.

ஆகவே சீட்டு அச்சடிக்க எண்ணும் தோழரை ஏளனம் செய்யாதீர்கள். அவருடைய கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். கொல்லிமலையில் லேம்ப் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. மிளகும் காப்பியும் விற்றுவரும் பணத்தைக் கணக்கில் வைத்து, அறுவடைக்குப் பின் திருப்பும் நீண்ட தவணைக் கடனை அது வழங்கட்டும். அந்தக் கோரிக்கையை ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானமாக்கி, நாமக்கல் மாவட்ட ஆட்சியரிடம் கொண்டு செல்வோம், வாருங்கள்.