கல்லறைச் சுவரும் சாதிச் சான்றிதழும்



இந்த உரைக்கு ‘கத்தோலிக்கரும் நாட்டு நடப்பும்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். இதைப் பேச வருபவர்கள் வழக்கமாக உரோமையில் தொடங்குவார்கள். 2025 மே மாதம் தேர்வான திருத்தந்தை 14ஆம் லியோ, தம் பெயருக்குக் காரணமாக 13ஆம் லியோவையும், தொழிலாளர் நிலை பற்றி அவர் 1891இல் எழுதிய சுற்றுமடலையும் சுட்டினார். கூலி, லைன் வீடு, பச்சைத் தேயிலை விலை என்று நம் நீலகிரி மலைக்கு வேண்டியதெல்லாம் அதற்குள் அடங்கும். ஆனாலும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவற்றைப் பேசத் தொழிற்சங்கம் இருக்கிறது, விவசாயிகள் சங்கம் இருக்கிறது. கோயிலுக்கு வருகிற நாம்தான் பேசியாக வேண்டிய ஒன்று வேறே இருக்கிறது. அதைத்தான் நாம் பேசுவதில்லை.

1950 ஆகஸ்ட் 10 அன்று பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தில் இருப்பவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்கிறது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவரும் இசுலாமியரும் இன்னும் வெளியேதான் நிற்கிறோம். ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக நாம் கடைப்பிடிப்பது இதற்காக. மதம் மாறிய ஆதிதிராவிடரைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குக் கிடையாது.

நம் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். நீலகிரி மக்களவைத் தொகுதி 2009 முதல் தனித்தொகுதி. ஆதிதிராவிடக் குடும்பத்தில் பிறந்த நம் பங்கு இளைஞர் ஒருவர் அங்கே கொடி பிடிக்கலாம், சுவரெழுத்து எழுதலாம், வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்க முடியாது. அவருடைய பெரியப்பா மகன் ஞானஸ்நானம் பெறாதவராக இருந்தால் நிற்கலாம். ஒரே லைன், ஒரே குடும்பம்.

இந்த இடத்தில்தான் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்கள் பிறக்கின்றன. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் இந்த மலைக்கு வந்தார்கள்; அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்களே தொடங்கப்பட்டன. தலைமன்னாரில் கப்பலேறி வந்தவரிடம் காகிதம்தான் உயிர். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தோணி, தாலுகா அலுவலகத்தில் வேறு பெயர் என்று ஆனது. தாயகம் திரும்பியோர் வீடுகளில் மட்டும் இது நடக்கவில்லை. தமிழ்நாடு முழுக்க உண்டு. நமக்கெல்லாம் தெரியும், சாமியாருக்கும் தெரியும்.

புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்க்கொண்டே வேலைவாய்ப்புக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. சட்டத்தின் பார்வை அது. ஆனால் பசித்தவனிடம் சோறா சாமியா என்று கேட்டு, அவன் இரண்டையும் ஒளித்து வைத்துக்கொண்டால் பழியை அவன் ஒருவன்மேல் மட்டும் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கும் அதில் பங்கு உண்டு.

இதற்குமேல் வருவதுதான் நமக்குக் கசப்பானது. சூசை என்பவரின் வழக்கை உச்ச நீதிமன்றம் 1985இல் முடித்துவைத்தது. சென்னையில் செருப்புத் தைப்பவர். தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. காரணம்: மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை.

சான்று இல்லையாம்! திருச்சி மேலப்புதூருக்குப் போனால் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவரைப் பார்க்கலாம். கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையத்து தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் பங்கில் நடக்கும் பாகுபாட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அரசிடம் உரிமை கேட்கும் நம் வழக்கில் முதல் சாட்சி நம்முடைய பாவமே. அதை மறைக்க மறைக்க வழக்கு தோற்கும்.

மேலிடத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமைக்குப் போனபோது, சாதிப் பிரிவினையை வளர்க்கும் வழக்கங்களைத் திருத்தச் சொன்னார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். நம் உதகை மறைமாவட்டம் அடங்கிய சென்னை-மயிலை மாநிலத்துக்கும் சேர்த்துத்தான் அந்த அறிவுரை. இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்கள் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதரானபோது அவர் பெயரிலிருந்து சாதிப் பின்னொட்டை வத்திக்கான் நீக்கியது. புனிதருக்குக் கழற்றிய வாலை நம்மில் சிலர் கல்யாணப் பத்திரிகையில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

மலையில் சாதி இல்லை என்று சொல்லிக்கொள்வோம். தண்ணீர்க் குழாயடியிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் பெரும்பாலும் உண்மைதான். கல்யாணப் பேச்சு வரும்போது பாருங்கள். கோயிலில் மூன்று முறை திருமண ஓலை வாசித்தும் தடை சொல்ல ஆளில்லை என்கிறோம். தடையுள்ள சம்பந்தத்தை ஓலை வரைக்கும் வரவிட்டால்தானே!

அரசியல் பக்கம் என்ன நிலை? பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று நீதிபதி இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் அந்தத் தகுதி வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்து, அதன் காலத்தையும் நீட்டித்தது. பரிந்துரை கையில் இருக்கும்போது மறுபடி ஆணையம் எதற்கு என்று கேட்கலாம், கேட்க வேண்டும். வாக்குக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரரிடமும், திருவிழா மேடையில் சால்வை போர்த்துவதற்கு முன்பே கேளுங்கள்.

பங்குப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆகஸ்ட் 10க்குள் நம் பங்கிலிருந்தே ஒரு மனு தயாராகட்டும். ஊர்வலத்தில் அச்சடித்துக் கொடுக்கும் பொதுமனு போதாது. எந்தக் குடும்பம் எதை இழந்தது, யாருக்கு வேலை போனது, நம் கோயிலிலும் கல்லறையிலும் திருவிழாவிலும் யாருக்கு என்ன மறுக்கப்பட்டது என்பதை அன்பியம் அன்பியமாக உட்கார்ந்து எழுதுங்கள். பிந்தியதையும் விடாமல் எழுதுங்கள்; பங்குத்தந்தை முதல் கையெழுத்துப் போடட்டும். இரண்டு பெயரோடு வாழ்பவர்கள் கையெழுத்திட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்களுடைய வேலையும் பிள்ளைகள் படிப்பும் அதில் இருக்கிறது. அவர்களுக்கும் சேர்த்து, இழப்பதற்கு ஒன்றும் இல்லாத மற்றவர்கள் கையெழுத்துப் போடுங்கள்.