இரத்தக் கொதிப்பும் இதயத் தசையும்

  

நாம் இன்று பேசவிருப்பது, வலியே இல்லாமல் வளரும் ஒரு நோயைப் பற்றி. "பிரஷர் இருந்தது, இப்போது இல்லை, மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று சொல்பவர்கள் நம் மஹல்லாவில் பலர். அந்த ஒரு சொல்லைக் குறித்தே இவ்வுரை.

நமது இதயம் கைமுட்டி அளவுள்ள ஒரு தசை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. அதன் இடது கீழறையே உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுகிறது. அழுத்தம் 120/80 என்ற அளவில் இருக்கையில் அதன் வேலை இலகு. 140/90க்கு மேல் ஆண்டுக்கணக்கில் நிற்குமானால், ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் எதிர்ப்பை மீறித் தள்ள வேண்டியதாகிறது. மூட்டை தூக்குபவரின் புயம் திரள்வது போல அத்தசையும் தடிக்கிறது. புயம் திரண்டால் பலம்; இதயம் தடித்தாலோ பலவீனம். தடித்த சுவர் விறைத்துவிடுவதால், துடிப்புகளுக்கு இடையே அது நன்கு தளர்ந்து இரத்தத்தை ஏற்க முடிவதில்லை. பெருத்த தசைக்குத் தக்கவாறு அதற்கு இரத்தம் ஊட்டும் நுண்குழாய்கள் பெருகுவதுமில்லை. இவ்வளவு நடந்தும் மனிதருக்கு ஒன்றும் தெரிவதில்லை. பள்ளிவாசல் மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கினால், 'வயதாகிவிட்டது' என்று தம்மைத் தேற்றிக்கொள்கிறார். அப்படியே விட்டால் பின்னாளில் தசை தளர்ந்து, அறை விரிந்து, காலில் வீக்கம் காண்கிறது.

இனி மன உளைச்சல். கடன், மகளின் திருமணம், வெளிநாட்டில் வேலையிழந்த மகன் என நமக்குக் கவலைகளுக்குக் குறைவில்லை. கவலையின்போது அட்ரினலின் சுரந்து துடிப்பு விரைகிறது, குழாய்கள் சுருங்குகின்றன. அது தணிந்துவிட வேண்டிய ஏற்றம். தணியாத கவலையோ உறக்கத்தைக் கெடுக்கிறது, பீடி சிகரெட்டைத் தேட வைக்கிறது, மாத்திரையை மறக்கச் செய்கிறது. திடீர்த் துக்கம் இதயத் தசையையே தாக்குவதும் உண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு 'டகோட்சுபோ' என்று பெயரிட்டனர். அது அந்நாட்டில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயர். அதிர்ச்சியில் இடது கீழறை அப்பானை போல் உப்பிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது அதிகம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சீராகிவிடும் என்றாலும், மய்யித் வீட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாயும் பெண்ணுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருத்தல் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மாத்திரைக்கு வருவோம். கருவி 120 காட்டுவது நோய் போய்விட்டதால் அன்று. மாத்திரை வேலை செய்வதால். தாமாக நிறுத்தினால் பெரும்பாலும் அழுத்தம் மீண்டும் ஏறும். விடாது கட்டுப்படுத்தினாலோ, தடித்த தசை ஓரளவு மெலியவும் செய்கிறது. உப்பும் குறைய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இக்கணக்கில் சேரும். (வலீமா பிரியாணியைப் பற்றியும் சொல்லி உங்கள் விரோதத்தைத் தேடிக்கொள்ள நாம் விரும்பவில்லை!)

ரமலான் வந்ததும் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவோர் உளர். நாளுக்கு ஒரு முறை உண்ணும் மாத்திரைகள் பலவற்றை இப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றித் தர மருத்துவரால் இயலும். நீர் பிரிவதற்கான மாத்திரை உண்போரும், இதயம் ஏற்கெனவே தளர்ந்தோரும் நோன்பு நோற்கலாமா என்பதையே முன்கூட்டிக் கேட்டறிய வேண்டும். ஷஅபான் பிறை கண்டவுடன் மருந்துச் சீட்டுடன் மருத்துவரைச் சென்று பாருங்கள்.