அடுத்த பாலிலிருந்து

சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜனின் யார்க்கர் டென்னிஸ் பந்தில் பழகியது என்பது சேலத்துக்காரர்கள் அறிந்த கதை. டென்னிஸ் பந்தில் ஆடும் தெரு மைதானங்களில் வளர்ந்த இன்னொரு கலையை இன்று பாராட்டத் தோன்றுகிறது. தகராறு தீர்க்கும் கலை.

தெரு கிரிக்கெட்டுக்கு அச்சடித்த விதிப்புத்தகம் கிடையாது. ஆள் குறைந்தால் ஒருவர் இரண்டு பக்கமும் ஆடுவார். பந்து வீட்டுக்குள் விழுந்தால் அவுட். வீட்டுக்காரம்மா பந்தைத் தர மறுத்தால், மறுநாள் அந்தப் பக்கம் அடிக்கவே தடை. ஆட ஆட விதி மாறும். பேட்டிங் அணிக்காரரே அம்பயராக நிற்பார். நியாயம் தவறினால், அடுத்த இன்னிங்சில் அதே இடத்தில் எதிரணி ஆள் நிற்பான் என்பது அவருக்குத் தெரியும்.

ஓட்டுக் கூரையில் உரசி வந்த பந்தைப் பிடித்துவிட்டான். கேட்சா, இல்லையா? இதற்கு விதியே இல்லை. கூச்சல் கிளம்புகிறது. கெட்டிக்கார அம்பயர் சொல்வார்: "டேய், இந்த பாலுக்கு நாட் அவுட்டு. அடுத்த பால்லருந்து உரசுனாலும் அவுட்டு. சரியா?" தீர்ப்பும் திருத்தமும் ஒரே மூச்சில், ஆனால் தனித்தனியாக. எனக்கு இதுதான் பெரிய வித்தையாகப் படுகிறது.

விதிகளைத் திருத்துவதையே ஆட்டமாக்கி, அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சூபர் உருவாக்கிய 'நோமிக்' 1982இல் வெளியுலகுக்கு வந்தது. தொடக்க விதிகள் 29. வழக்கு வந்தால், இப்போது ஆடுபவருக்கு முந்தைய ஆட்டக்காரர் நீதிபதி. மற்றவர்கள் ஒருமனதாக எதிர்த்தால்தான் தீர்ப்பு கவிழும். எந்தத் திருத்தமும் முன்தேதியிட்டுச் செல்லாது என்பதும் அதில் ஒரு விதி. நம் பையன்கள் அதைப் படித்து வந்தவர்கள் அல்ல.

நாட்டின் சட்டத்திலும் தீர்ப்பும் திருத்தமும் இப்படித் தனித்தனியாக நடந்ததுண்டு. சென்னை மாகாணத்தின் கல்லூரி இடஒதுக்கீட்டு ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஜூனில் நாடாளுமன்றம் முதல் திருத்தத்தின் மூலம் 15(4) பிரிவைச் சேர்த்து, இனிமேலுக்கு வழி திறந்தது.

தெரு கிரிக்கெட்டிலோ, இப்போது டோர்னமென்ட் நோட்டீசுகளில் 'கமிட்டியின் முடிவே இறுதியானது' என்று போட்டுவிடுகிறார்கள். சண்டை நிற்கும், காரணம் யாருக்கும் விளங்காது. டாஸ் போடும் முன் இரண்டு கேப்டன்களையும் அழைத்து, போன ஆட்டத்துத் தீர்ப்புகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்கட்டும்.