பூக்காத கிழங்கும் கைராசிப் பழியும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'வீட்டுத் தோட்டத்தில் கிழங்கு வகைப் பூச்செடிகள் ஏன் பூப்பதில்லை?' என்பது. கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. 'நட்டவளுக்குக் கைராசி இல்லை' என்பதுதான் அது. பிள்ளையில்லாத மருமகள் நட்டது, கணவனை இழந்தவள் நட்டது என்றால் கேட்கவே வேண்டாம். 'அவள் தொட்டால் செடிகூடப் பூக்காது' என்று காதுபடச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே கிழங்கைப் பற்றிப் பேசும்போது, யார்மீது பழி விழுகிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

முதலில், கிழங்கு என்பது என்ன? செடி தனக்காகச் சேர்த்து வைக்கும் சேமிப்பு அது. ஒரு பெரிய வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். அடுக்கடுக்கான செதில்கள், நடுவில் ஒரு குருத்து. செதில்களில் உணவு இருக்கிறது, குருத்தில் அடுத்த பருவத்தின் வாழ்வு இருக்கிறது. அந்தச் சேமிப்பு நிறையாமல் பூ வராது. நிறைந்த பிறகும், 'இப்போது எழுந்திரு' என்று சொல்ல ஓர் அறிகுறி அதற்கு வேண்டும். அந்த அறிகுறி ஊருக்கு ஊர் வேறுபடும். சில கிழங்குகளுக்குக் குளிர். சிலவற்றுக்கு வறட்சிக்குப் பின் வரும் மழை. இன்றைய பேச்சின் சாரமே இதுதான்.

துலிப் பூவை எடுத்துக்கொள்வோம். படத்தில் பார்த்து மயங்கி, நல்ல விலை கொடுத்துக் கிழங்கு வாங்கி, பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பூச்சாடியில் நடுகிறவர்கள் உண்டு. துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைப்பகுதிகள். அங்கே மாதக்கணக்கில் உறைபனி. கடையில் வாங்கும் நல்ல கிழங்குக்குள் பூமொட்டு ஏற்கெனவே உருவாகியிருக்கும். ஆனால் அந்த மொட்டைத் தாங்கும் தண்டு நீள வேண்டுமானால், கிழங்கு ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸ் குளிரில் 12 முதல் 16 வாரம் வரை கிடக்க வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் இலை மட்டும் எட்டிப் பார்க்கும். மொட்டு உள்ளேயே காய்ந்து போகும்.

நம் ஊர் எப்படி இருக்கிறது? கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரி வடக்கே இருக்கிறது. இரவில் 23, 24 டிகிரி. பகலில் 32, 33 டிகிரி. ஜனவரியும் ஒன்றுதான், ஜூலையும் ஒன்றுதான். ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் அரை மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. வசந்தத்தை நாம் சினிமாப் பாட்டில்தான் கேட்கிறோம். அந்தக் கிழங்கு தன் மண்ணில் பனியைப் பார்த்து வளர்ந்தது. இங்கே பனி வரும் வரும் என்று காத்திருந்து, கடைசியில் அழுகிப் போகிறது. இதில் நட்டவர் கை என்ன செய்யும்?

'கேமரன் மலையில் நட்டால்?' என்று கேட்கலாம். சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில்கூட இரவு வெப்பம் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ரோஜாவுக்கும் சாமந்திக்கும் அது சொர்க்கம். துலிப்புக்கு அது போதாது. ஸ்ரீநகரில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட துலிப் தோட்டம் ஏன் செழிக்கிறது என்றால், காஷ்மீரத்துக் குளிர்காலம் அந்த வேலையைக் கூலி வாங்காமல் செய்து கொடுக்கிறது.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் கிழங்கை மூன்று நான்கு மாதம் வைத்து நடலாம். ஒருமுறை பூ பார்க்கவும் கூடும். ஆனால் பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் வைக்கக் கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு, கிழங்கின் உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். அப்படிப் பூத்தாலும் அடுத்த ஆண்டு அதே கிழங்கு இங்கே பூக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

சீனப் புத்தாண்டுக்கு முன் கடைகளில் வரும் நார்சிசஸ் கிழங்கும் அப்படித்தான். சீன அன்பர்கள் அதை 'நீர்த் தேவதை' என்ற பொருளில் 'சுய் சியான்' என்று அழைக்கிறார்கள். வெறும் தண்ணீரிலும் கூழாங்கல்லிலும் வைத்தாலே மணக்க மணக்கப் பூக்கிறது. எப்படி? சீனாவில் விவசாயி பல பருவம் பாடுபட்டுச் சேர்த்துக் கொடுத்த உணவு அதற்குள் இருக்கிறது. அந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான் அது பூக்கிறது. தண்ணீரில் பூத்த கிழங்கு காலியான பை மாதிரி. அதை மண்ணில் புதைத்துவிட்டு மறுவருடம் பூ வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

சரி, நம் வெயிலுக்கு ஏற்ற கிழங்குகள் இல்லையா? தாராளமாக இருக்கின்றன. ஆனால் அவையும் சில வீடுகளில் பூப்பதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

அமரில்லிஸ் என்ற பெயரில் விற்கும் ஹிப்பியாஸ்ட்ரம், தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இதற்கு இலைதான் அடுப்பு. இலை சமைத்துப் போட்டால்தான் கிழங்கு பருக்கும். நாமோ, பூ முடிந்ததும் அழகாக இல்லையென்று இலையை வெட்டிவிடுகிறோம். அது தானாகப் பழுத்து விழும்வரை விட வேண்டும். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். நிழலில் வைத்தால் இலை நீளும், பூ வராது. நன்றாகப் பருத்த கிழங்கு முரண்டு பிடித்தால், பூச்சாடியை மழை படாத இடத்துக்கு நகர்த்தி, எட்டு வாரம் தண்ணீரை நிறுத்திப் பாருங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை நிற்பதே அபூர்வம் என்பதால், வறட்சியை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றும்போது, மழை வந்துவிட்டது என்று கிழங்கு விழித்துக்கொள்ளும்.

மழை லில்லிக்கு இந்தப் பாடமே தேவையில்லை. சில நாள் வெயிலுக்குப் பின் ஒரு பெருமழை பெய்தால், சில நாட்களில் கூட்டமாகப் பூத்துவிடும். தினமும் தண்ணீர் ஊற்றிச் செல்லம் கொடுப்பதால்தான் பல வீடுகளில் அது புல்லாகவே நிற்கிறது.

நிலச்சம்பங்கி நம் மாலைக்கடைகளுக்குப் பழக்கமான பூ. மலாயில் 'செடாப் மாலாம்'. இதில் ஓர் உண்மை பலருக்குத் தெரியாது. ஒருமுறை பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூப்பதில்லை. அதைச் சுற்றி முளைக்கும் பக்கக் கிழங்குகள்தான் அடுத்துப் பூக்கும். அவை ஒரே சாடியில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தால் எதுவும் பருக்காது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து, பருத்தவற்றை வெயிலில் நட வேண்டும்.

அடுத்தது மண். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல்லால் வந்தது. 1881ஆம் ஆண்டு தீயிலும் வெள்ளத்திலும் கோலாலம்பூர் அழிந்த பிறகு, செங்கல் கட்டடங்கள் எழ வேண்டும் என்று ஆணை பிறந்தது. யாப் ஆ லாயின் செங்கல் சூளைகள் இங்கேதான் எரிந்தன. சூளைக்கு உகந்த களிமண் கிழங்குக்கு ஆகாது. தண்ணீர் தேங்கி, கிழங்கு மூச்சு முட்டி அழுகும். மண்ணோடு ஆற்று மணலும் மக்கிய உரமும் கலந்து நடுங்கள். சாடிக்கு அடியில் தட்டு வேண்டாம். அதில் தேங்கும் நீர் வேரையும் கெடுக்கும், டிங்கிக் கொசுவையும் வளர்க்கும்.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. நார்சிசஸ், ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்குகள் வெங்காயம் போலவே இருக்கும், இரண்டும் நஞ்சு. சமையலறையிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் பெயர் எழுதி மூடி வையுங்கள். சங்க இலக்கியம் போற்றிய காந்தள், இன்று தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், நம் வெயிலில் நன்றாகவே வளரும். ஆனால் அதன் கிழங்கில் கோல்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அது வேண்டாம். யாராவது வாயில் வைத்துவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கடைசியாக, கைராசிக்கு வருகிறேன். பூச்செடி வாங்க இந்த வட்டாரத்தில் எங்கே போகிறோம்? பலரும் சுங்கை பூலோவுக்குத்தான். அங்கே சாலை நெடுக நாற்றுப் பண்ணைகள். அந்தப் பண்ணைகளின் கதை எத்தனை பேருக்குத் தெரியும்? 1930ஆம் ஆண்டு அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு அங்கே கொண்டுவரப்பட்டவர்களில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோரும் இருந்தார்கள். வெளியுலகம் அவர்களின் கையைத் தொட அஞ்சியது. குணமான பிறகும் ஊர் ஏற்றுக்கொள்ளத் தயங்கியது. அவர்களில் பலர் செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். விரல்கள் மடங்கிப்போன கைகளும் பதியன் போட்டன, நாற்று நட்டன. அந்தச் செடிகள்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் எத்தனையோ வீட்டு வாசல்களில் பூத்தன.

தீண்டத் தகாதவை என்று உலகம் ஒதுக்கிய கைகளில் பூத்த செடி, நம் வீட்டுப் பெண்ணின் கையில் மட்டும் ராசி பார்த்துப் பூக்குமா? செடிக்குத் தெரிந்ததெல்லாம் வெயில், நீர், மண், காலம். நட்டவளின் நெற்றியில் பொட்டு இருக்கிறதா, மடியில் பிள்ளை இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

ஆகவே அன்பர்களே, அடுத்தமுறை கிழங்கு வாங்கும்போது, 'இது எந்த ஊர்க் கிழங்கு, இதற்குக் குளிர் வேண்டுமா, மழை வேண்டுமா?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பனிதேசத்துக் கிழங்கானால் படத்தில் பார்த்து மகிழுங்கள். நம் ஊருக்கு ஏற்றதானால், வெயில் கொடுங்கள், இலையை விட்டுவையுங்கள், ஓய்வு கொடுங்கள். அப்போதும் பூக்கவில்லையென்றால் மண்ணைக் கிளறிப் பாருங்கள். மருமகளின் மனத்தைக் கிளறாதீர்கள்.