பயிற்சி வேறு, தொண்டு வேறு, உத்தியோகம் வேறு

(யாழ்ப்பாணத்துப் பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியம் பயிலும் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஒரு சட்டத்தரணிக்கு என்ன உரிமை உண்டென்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நோயைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை, அதைப் பேசப்போவதுமில்லை. நோயாளியின் கட்டிலருகே நிற்பவர் யார், எந்த அதிகாரத்தோடு நிற்கிறார், தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவை சட்டத்தின் கேள்விகள். அவற்றைப் பற்றியே பேச வந்தேன்.

கொடிகாமத்துக் கமக்காரர் ஒருவர் வயிற்றுவலியோடு போதனா வைத்தியசாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அங்கி அணிந்த ஐவர் அவர் கட்டிலைச் சூழ்ந்து நிற்கின்றனர். ஒருவர் வைத்திய நிபுணர். ஒருவர் உள்ளகப் பயிற்சி வைத்தியர். மற்றைய மூவரும் மாணவர். கமக்காரருக்கோ ஐவரும் ‘டொக்டர்’தான். சட்டத்தின் கண்ணில் அந்த ஐவரும் ஒருவரல்லர். இந்த வேற்றுமையை நோயாளிக்கு யாரும் சொல்வதில்லை. மாணவர்க்கும் தெளிவாக எழுதிக் கொடுப்பதில்லை. இதுவே என் முறைப்பாடு.

சட்டம் சொல்வது

1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டமே இந்நாட்டில் வைத்தியத் தொழிலுக்கு அடிப்படை. பதிவு பெறாத மாணவன் தன் பொறுப்பிற் சிகிச்சை செய்ய முடியாது. இறுதிப் பரீட்சையிற் சித்தியடைந்த பின் தற்காலிகப் பதிவு கிடைக்கும்; அதைக்கொண்டு அங்கீகாரம் பெற்ற வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி பெறலாம். அது முடிந்த பின்னரே முழுப் பதிவு.

இப்படிப் படிப்படியாக ஏற்றுவது ஏனென்று கமக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இளம் நாம்பனை வண்டியிற் பூட்டும்போது பழகிய மாட்டோடுதான் பிணைப்பீர்கள். இரண்டு நாம்பன்களைப் பிணைத்துப் பாரம் ஏற்றுவார் எவருமில்லை. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் கையாண்ட முறையும் இதுவே. 1847இல் இங்கு வந்த அப்பெருமகன், எம்மவர்க்கு வைத்தியத்தைப் போதித்தார். பிற்காலத்தில் எமது தாய்மொழியிலேயே போதித்தார். அவர் மாணவர் நூலையும் கற்றனர்; ஆசிரியர் கண்காணிக்க நோயாளியிடத்தும் கற்றனர்.

எழுதாத விதி

ஆனால், விதி மனத்தில் இருந்தாற் போதாது. எழுத்தில் இருக்க வேண்டும். மாலபேயிலிருந்த ‘சைட்டம்’ தனியார் நிறுவன வழக்கை நினைவிற் கொள்ளுங்கள். அங்கு பட்டம் பெற்றோர்க்குப் போதிய மருத்துவமனைப் பயிற்சி இல்லையென்று இலங்கை மருத்துவ சபை தற்காலிகப் பதிவை மறுத்தது. 2017 சனவரி 31இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிவு செய்யுமாறு பணித்தது. 2018 செப்டெம்பர் 21இல் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை மாற்றவில்லை. மருத்துவக் கல்விக்கான குறைந்தபட்சத் தராதரங்கள் வர்த்தமானியில் வெளியானது 2018ஆம் ஆண்டிலேதான்! அந்த வழக்கில் நியாயம் எப்பக்கம் என்று இங்கு வாதிட நான் வரவில்லை. பயிற்சி எவ்வளவு, எங்கே, யார் மேற்பார்வையில் என்பதை நேரகாலத்தோடு சட்டமாக்காத நாடு, பிள்ளைகள் படித்து முடித்தபின் நீதிமன்ற வாசலில் அவர்களை நிறுத்துகிறது. அதுவே நாம் பெறும் பாடம்.

தொண்டின் பெயரால்

அடுத்தது தொண்டு. போர்க்காலத்தில் வடக்கில் ஆளணியின்றிச் சுகாதார சேவை தத்தளித்தபோது, ஊதியமின்றியும் சொற்பக் கொடுப்பனவோடும் உழைத்தவர்கள் சுகாதாரத் தொண்டர்கள். போர் முடிந்து ஆண்டுகள் கடந்த பின்னும் நிரந்தர நியமனம் வேண்டி அவர்கள் அரச அலுவலக வாசல்களிற் காத்திருந்ததை இவ்வூர் கண்டது. யார் உண்மையாகத் தொண்டாற்றினார், யார் பெயர் பட்டியலில் ஏறியது என்ற தகராறும் எழுந்தது. கடிதமில்லாத வேலைக்குச் சாட்சி ஏது? வரவுப் பதிவேடு இல்லாத உழைப்பை எந்த நீதிபதி அளப்பார்?

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், ஊதியம் பெறும் பயிலுநரையும் ஊழியர் என்றே கொள்கிறது. ஊதியம் பெறாதவருக்கு அந்தக் கதவு மூடியே கிடக்கிறது. ஆகவே, தனியார் துறையில் ஒரு பிள்ளையை ‘தொண்டர்’ என்று அழைத்துவிட்டால் வேலையும் நடக்கும், சட்டமும் எட்டாது. இந்த உபாயத்தை நாம் அநுமதிக்கலாமா?

“நெடுந்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் வைத்தியர் பற்றாக்குறை, 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பலர் நாட்டை விட்டும் போய்விட்டனர், நீர் சட்டம் பேசினால் நோயாளி சாவதா?” என்று கேட்பார் உளர். விபத்தில் விழுந்தவனுக்கு முதலுதவி செய்வதை எச்சட்டமும் தடுக்கவில்லை. ஆனால், ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் விட்ட வெற்றிடம் அவசரமன்று, அலட்சியம். அந்த அலட்சியத்தை மாணவன் தலையில் ஏற்றினால், வெற்றிடத்தை நிரப்பும் கடமையை அரசு மறந்துவிடும்.

பிறநாட்டு அநுபவம்

1984இல் நியூயோர்க் வைத்தியசாலையொன்றில் லிபி சையன் என்னும் பதினெட்டு வயது நங்கை, நெடுநேரம் உழைத்த பயிற்சி வைத்தியரின் பராமரிப்பில் இருக்கையில் இறந்தாள். அவளுடைய தந்தை விடாது போராடினார். அதன் பயனாக 1989இல் அம்மாநிலம் பயிற்சி வைத்தியரின் வேலை நேரத்தை வாரம் எண்பது மணித்தியாலம் என்று மட்டுப்படுத்தியது, மேற்பார்வையையும் கட்டாயமாக்கியது. 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது பிரித்தானியா, இறுதியாண்டு முடித்தோரை முன்கூட்டியே பதிவு செய்து, சம்பளத்தோடும் மேற்பார்வையோடும் பணிக்கு அழைத்தது. பெருந்தொற்றுக் காலத்திலும் பதிவும் சம்பளமும் கொடுக்க ஒரு நாட்டால் இயலுமாயின், சாதாரண காலத்தில் எம்மால் ஏன் இயலாது?

நாம் கேட்பது

1978இல் தொடங்கிய எமது மருத்துவ பீடத்து மாணவர்க்கு மட்டுமன்று, தாதியம், மருந்தகவியல், ஆய்வுகூடவியல், சித்த வைத்தியம் பயிலும் எல்லோர்க்கும் சேர்த்தே ஐந்து கோரிக்கைகளை இச்சபை முன் வைக்கிறேன்.

ஒன்று: மாணவர், உள்ளகப் பயிற்சியாளர், தொண்டர் என்ற நிலையைத் தமிழிலும் காட்டும் அட்டை ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்க வேண்டும். “மாணவர் என்னைத் தொட வேண்டாம்” என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னதற்காகச் சிகிச்சை குறையக்கூடாது.

இரண்டு: எந்த ஆண்டு மாணவர் எதைச் செய்யலாம், யார் மேற்பார்வையில் என்பதை வாட்டு தோறும் எழுதித் தொங்கவிட வேண்டும்.

மூன்று: வாட்டுக்குள் நுழையுமுன் ஈரலழற்சி பீ தடுப்பூசி ஏற்ற வேண்டும். ஊசி குத்திக் காயமுற்றால் இலவசச் சிகிச்சையும் நட்டஈடும் கிடைக்க வேண்டும்.

நான்கு: கடிதம், வேலை நேரம், முடிவுத் திகதி, சான்றிதழ் ஆகிய நான்கும் இல்லாமல் எவரையும் தொண்டராகச் சேர்க்கக்கூடாது, வெற்றிடமான பதவியைத் தொண்டரைக் கொண்டு நிரப்பவும் கூடாது.

ஐந்து: வறுமையினால் மாணவர் வெளியே வேலை செய்ய நேர்ந்தால், பயிற்சியில்லாத ஓர் ஊழியர் செய்யக்கூடியதையே அங்கும் செய்ய வேண்டும். ‘டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை’ என்று தனியார் மருந்துச்சாலை அவரைக்கொண்டு ஊசி போடுவித்தால், தண்டனை முதலாளிக்கே உரியது.

பெரியோர்களே, எமக்கும் ஒரு கடமை உண்டு. விடுமுறைக்கு ஊர் வந்த மருத்துவ மாணவனிடம், “தம்பி, அம்மாவுக்கு ஒரு ஊசி போட்டுவிடு, காசு கொடுத்து ஏன் போவான்?” என்று கேட்கிறோம். அன்பினால்தான் கேட்கிறோம். மறுத்தால், “படிக்க முன்னமே தலைக்கனம்” என்கிறோம். அந்த ஒரு ஊசி பிழைத்தால் தாயும் போவாள், அவன் பதிவும் போகும். மறுக்கும் பிள்ளையை மதியுங்கள். சட்டத்தையும் உங்கள் உயிரையும் காப்பவன் அவனே.

இக்கோரிக்கைகளை மாகாண சுகாதார அமைச்சுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவ சபைக்கும் அனுப்பும் தீர்மானத்தை இச்சபை ஏகமனதாக நிறைவேற்ற வேண்டுமெனக் கேட்டு அமைகின்றேன்.