வழி திறந்திருக்கிறதா?



சனிக்கிழமை அதிகாலையில் ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தால் இரண்டு வகைக் கூட்டத்தைக் காணலாம். ஒன்று, சிப்காட் தொழிற்சாலைகளில் இரவு முறை முடிந்து, சோற்றுப் பாத்திரத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வீடு திரும்பும் தொழிலாளர் கூட்டம். மற்றொன்று, முதுகிலே பெரிய பையைச் சுமந்துகொண்டு தேன்கனிக்கோட்டைப் பேருந்து எங்கே நிற்கும் என்று விசாரிக்கும் இளைஞர் கூட்டம். இவர்களில் பலர் பெங்களூரிலிருந்து வருகிறவர்கள். நாற்பது கிலோமீட்டர்ப் பயணம். பொழுது விடிவதற்குள் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள். ரொட்டி வாங்கியாயிற்றா, தண்ணீர் போதுமா, கைவிளக்குக்கு மின்கலம் உண்டா என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை நான் பலமுறை செவிமடுத்ததுண்டு. "நாம் போகிற வழி இன்று திறந்திருக்கிறதா?" என்று கேட்டவரை மட்டும் அரிதாகவே கண்டேன். அந்த ஒரு கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஓசூருக்குத் தெற்கே, தேன்கனிக்கோட்டையையும் அஞ்செட்டியையும் கடந்து காவிரிக் கரை வரையில் நீண்டு கிடப்பது மேலகிரி மலைத்தொடர். நீலகிரியைப் போல் வானளாவிய மலை அன்று இது. குத்திராயன் என்னும் கொடுமுடி ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. மூங்கிலும் முள்மரமும், கோடையில் இலையுதிர்க்கும் மரங்களும், இடையிடையே புல்மேடுகளும் நிறைந்த காடு. ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே இது எல்லைநாடு என்பது விளங்கும். பெட்டமுகிலாளம் என்ற பெயரில் இருக்கும் 'பெட்ட' என்பது மலையைக் குறிக்கும் கன்னடச் சொல். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் பிரதேசம் இது. கென்னத் ஆண்டர்சன் என்ற வேட்டைக்காரர் 1954இல் வெளியான தம் நூலில் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியைப் பற்றி எழுதினாரே, அந்த ஜவளகிரியும் இந்தக் காட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. இக்காட்டின் பெரும்பகுதி இன்று சரணாலயம். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014ஆம் ஆண்டில் ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர்ப் பரப்பிலும், காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022ஆம் ஆண்டில் 686 சதுர கிலோமீட்டர்ப் பரப்பிலும் அமைந்தன.

இத்தகைய காட்டிலே ஒரு நடைவழி இருக்கிறது என்றால் அது ஆண்டு முழுவதும் மனிதனுக்கே உரியது என்று எண்ணிவிடக் கூடாது. மாதத்துக்கு மாதம் அவ்வழியின் உரிமையாளர் மாறிக்கொண்டே இருக்கிறார்.

ஐப்பசி பிறந்து கேழ்வரகுக் கதிர் முற்றத் தொடங்கியதும் கருநாடகத்துப் பன்னேர்கட்டா வனத்திலிருந்து யானைகள் புறப்படுகின்றன. மாநில எல்லைக் கல் அவற்றுக்குத் தெரியாது. தளி, ஜவளகிரி வழியாக இறங்கித் தேன்கனிக்கோட்டைக் காடுகளில் தங்கி, பின்பு ஓசூரை அடுத்த சானமாவு வரையிலும் வருவதுண்டு. சானமாவுக் காட்டின் அருகே தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. சிறிது தொலைவில் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் தெரிகின்றன. அங்கே யானைக் கூட்டம் நிற்கிறது என்று தெரிந்தால், இரவில் வெளியே நடமாட வேண்டாம், விறகு பொறுக்கவும் ஆடுமாடு மேய்க்கவும் காட்டுக்குள் செல்ல வேண்டாம் என்று வனத்துறையினர் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அறிவிக்கிறார்கள். மாசி மாதம் வரையில் இந்த நடமாட்டம் உண்டு. ஆகையால் இம்மாதங்களில் நேற்றுத் திறந்திருந்த வழி இன்று நின்றுபோகலாம். அதற்காகச் சோதனைச் சாவடியிலே நிற்கும் வனக்காவலரோடு சச்சரவு செய்கிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். வழி அடைபட்டதால் நமக்கு ஒரு விடுமுறை நாள் வீணாகிறது. அதே யானைகளால் கேழ்வரகு விதைத்தவனுக்கு ஓர் ஆண்டின் உணவே போகிறது. சில சமயம் காவலுக்குப் படுத்தவனின் உயிரும் போகிறது. அவன் சச்சரவு செய்ய எந்தச் சாவடிக்குப் போவான்?

யானைகள் திரும்பும் பருவத்திலேயே மற்றோர் ஆபத்து தொடங்குகிறது. அது தீ.

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில், பதினான்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு இம்மலைகளில் ஒரு மேட்டின்மீது ஏறினேன். எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே அப்போது எனக்கு உதிக்கவில்லை என்பதே உண்மை. அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "மேலே போகவேண்டாம் சார், காலையிலிருந்து அந்தப் பக்கம் புகை வாடை அடிக்கிறது" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "பகலுக்குள் திரும்பிவிடுவோம் பெரியவரே" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பதினொரு மணி அளவில் எதிர்ச்சரிவில் ஒரு வெண்புகை எழுந்தது. சிறிது நேரத்தில் அது பழுப்பு நிறமாயிற்று. காய்ந்த மூங்கில் வெடிக்கும் ஓசை துப்பாக்கி வேட்டுப்போல் எங்களுக்குக் கேட்டது. நடுவே ஓர் ஓடையும் பெரிய பாறைப் பரப்பும் இருந்தமையால் தீ எங்கள் பக்கம் தாவவில்லை. நாங்கள் பாறை வழியே இறங்கி வந்துவிட்டோம். மாணவர்களுக்கு அது ஒரு வீரக் கதையாகப் போய்விட்டது. எனக்கும் பல ஆண்டுகள் அப்படியேதான் இருந்தது.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிலே சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்ற மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினர். கொழுக்குமலையில் தங்கிவிட்டு இறங்கி வரும் வழியில், காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. செய்தி அறிந்து முதலில் மேலே ஓடியவர்களில் அவ்வூர் மக்களும் இருந்தனர். விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் வரவழைக்கப்பட்டன. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் இளைஞர்கள். மறுநாள் நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய வருகைப் பதிவேட்டில் இருந்த அந்தப் பதினான்கு பெயர்களையும் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். அதன் பிறகு அந்தக் கதையை வீரக் கதையாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

மலைச்சரிவில் தீ எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. வெப்பக் காற்று மேலெழும் இயல்புடையது என்று பௌதிக வகுப்பில் படித்திருப்பீர்கள். சரிவில் எரியும் தீயின் நாக்கு மேலேயுள்ள புல்லை நோக்கிச் சாய்கிறது. தீ அங்கே சேருமுன்பே அந்தப் புல் வெந்து உலர்ந்து பற்றிக்கொள்ளத் தயாராகிவிடுகிறது. பகலிலே பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும் காற்றும் அதற்குத் துணை செய்கிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது காட்டுத் தீயைப் பற்றி ஆராய்ந்தோர் கைக்கொள்ளும் கணக்கு. மனிதனுடைய நடையோ மேடு ஏற ஏறத் தளர்கிறது. ஆகையால் தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடுகிறவன் அதனோடு பந்தயத்தில் தோற்கவே ஓடுகிறான். புல்லில்லாத பாறை, முன்பே எரிந்து கரிந்த தரை, ஓடைப் படுகையின் வெற்று மணல் ஆகியவையே அடைக்கலம். அதுவும் அருகில் இருந்தால்தான். இல்லாத இடமும் உண்டு என்பதனாலேயே, அந்தப் பருவத்தில் போகாதிருப்பது என்ற ஏற்பாடு வந்தது.

குரங்கணிக்குப் பின், அதே 2018ஆம் ஆண்டில், வனப்பகுதி மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகளை இயற்றியது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. பதினான்கு மாவட்டங்களில் நாற்பது வழிகள்; இணையத்தின் மூலம் முன்பதிவு; பயிற்சி பெற்ற வழிகாட்டியின் துணை. வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையைச் சார்ந்த பழங்குடி இளைஞர்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். அந்த நாற்பதில் இரண்டு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கின்றன: அய்யூர்–சாமேரி வழி ஒன்று, குத்திராயன் கொடுமுடி வழி மற்றொன்று. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரையில் தீப் பருவத்தை முன்னிட்டு வழிகள் மூடப்படுவது வழக்கம். கல்லூரித் தேர்வு முடிந்து உங்களுக்குக் கால் பரபரக்கும் காலமும் ஏறக்குறைய அதுவே! ஆயினும் மழை பெய்து புல் பச்சையாகும் வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும். மற்ற பருவத்திலும் அனுமதியின்றி ஒதுக்குக் காட்டிலும் சரணாலயத்திலும் நுழைவது சட்டப்படி குற்றம்.

இந்த அறிவிப்பு மாறிக்கொண்டே இருப்பது. சென்ற ஆண்டு போய் வந்த நண்பன் சொன்ன செய்தி இவ்வாண்டுக்கு உதவாது. ஏதோ ஒரு காணொளியில் கண்ட பாதை ஒருவேளை அனுமதியே இல்லாத பாதையாகவும் இருக்கக்கூடும். கடலுக்குப் போகிறவர்கள் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுத்தானே கட்டுமரத்தை இறக்குகிறார்கள்? மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அந்தப் பழக்கம் ஏன் வரவில்லை என்று நான் வியப்பதுண்டு. ஜப்பானில் நாகானோ மாகாணம், குறிப்பிட்ட மலைகளில் ஏறுவோர் தம் பயண விவரத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது. யார் எந்த வழியே போனார்கள், என்று திரும்புவார்கள் என்பது தெரிந்திருந்தால் தேடிப் போகிறவர்களுக்கு எத்துணை உதவி!

காவிரிக் கரைப் பக்கம் செல்ல நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி மாதத்தில் இங்கே ஒரு துளி மழையும் இல்லாமல் வானம் தெளிந்திருக்கும். ஆனால் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவ மழையால் கிருஷ்ணராஜ சாகரமும் கபினி அணையும் நிரம்பி உபரி நீர் திறக்கப்படும். பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் நீர் ஏறுகிறது என்ற செய்தி வந்தவுடன் ஒகேனக்கல்லில் பரிசல் நிறுத்தப்படும். குளிக்கவும் தடை விழும். 2024 ஜூலை இறுதியில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது. யானையைப் போலவே வெள்ளமும் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது. ஆகவே இங்கே வெயிலடிக்கிறது என்பதை நம்பி ஆற்றுப் படுகையில் கூடாரம் அடிப்பது பேதைமை.

இனி, தங்குமிடம். அய்யூரிலே வனத்துறையின் சூழல் சுற்றுலாப் பூங்காவும் தங்குமிடமும் இருக்கின்றன. ஆனால் முன்பதிவு செய்யாமல் அந்தி வேளையில் போய்க் கதவைத் தட்டினால் இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். நியூசிலாந்து நாட்டில் மலைவழிகளில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குடில்களை அரசே வைத்திருக்கிறது. வழிநடப்பவர் நுழைந்து, பதிவேட்டில் பெயரும் அடுத்த நாள் போகும் திசையும் எழுதிவிட்டு உறங்கலாம். அதைப் படித்துவிட்டு, இங்கும் அவ்வாறு ஏன் கட்டக் கூடாது என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் நியூசிலாந்துக் காட்டில் யானை இல்லை. நம் காட்டில் நீர்நிலை அருகே ஒரு குடில் கட்டினால், இரவிலே தண்ணீருக்கு வரும் கூட்டத்தின் குறுக்கே ஒரு சுவர் எழுப்பியதாகும். குடிலில் வைத்த உப்பும் அரிசியும் வாழைப்பழமும் யானையை வரவழைக்கும். ஆதலால் இங்கே பகலில் நடந்து பகலிலேயே ஊர் திரும்புவதுதான் முறை. தங்குவதானால் தேன்கனிக்கோட்டையிலோ ஓசூரிலோ தங்கிவிட்டு விடியலில் புறப்படலாம்.

காடு மூடியிருக்கும் மாதங்களில் மலை ஏறியே தீர வேண்டும் என்பவர்களுக்குக் கோட்டைகள் இருக்கின்றன. 1791ஆம் ஆண்டு மூன்றாம் மைசூர்ப் போரில் கும்பினிப் படையிடம் வீழ்ந்த இராயக்கோட்டை, அதே ஆண்டில் கும்பினிப் படையைத் திருப்பியனுப்பிய கிருஷ்ணகிரிக் கோட்டை ஆகிய இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே பெரும்பாலும் பாறைதான்; எரிவதற்குப் புல் குறைவு. ஆனால் நிழலும் குறைவு. சித்திரை வெயிலில் பத்து மணிக்குமேல் அந்தப் பாறை சுட்டுப் பொசுக்கும். அம்மாதத்து மாலைகளில் திடீரென இடியும் மின்னலும் வரும். மேகம் கறுத்தால் உச்சியில் நிற்காமல் உடனே இறங்கிவிட வேண்டும். மழைக்குப்பின் படிகள் வழுக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலை, முறைப்படி அனுமதி பெற்று, நான்கு மாணவர்களோடு ஒரு சாவடியில் போய் நின்றேன். அங்கிருந்த இளம் காவலர் எங்கள் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு வழி இல்லை ஐயா, குட்டியோடு நிற்கிறது" என்றார். மாணவர்களின் முகம் வாடியது. அவர் எங்களைச் சாவடிக்குப் பின்புறம் அழைத்துச் சென்று ஈர மண்ணைக் காட்டினார். முறம் அளவிலே பெரிய சுவடுகள். அவற்றின் இடையிடையே உள்ளங்கையிரண்டை விரித்து வைத்தாற்போன்ற சின்னஞ்சிறு சுவடுகள். ஒரு மாணவன் குனிந்து தன் கையைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தான். பிறகு சாவடித் திண்ணையிலேயே பொட்டலத்தைப் பிரித்து, காவலருக்கும் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு, பதினொன்றரை மணிப் பேருந்தில் ஓசூர் திரும்பினோம்.